முந்திரி வேரும் சிந்துவின் இடது காலும்

பெரம்பலூர்
22.6.2025

ஏய் மணி,

இங்கே என் இரண்டு கை, இரண்டு கால், ஒரு வயிறு எல்லாம் சுகம். அங்கே உன் உள்ளங்கை சுகமா? என் பந்தை வாங்காமல் வீக்கம் வடிந்து போயிருக்குமே, பாவம்.

கடிதமா என்று சிரிக்காதே. இந்த விளையாட்டு விடுதியில் போனெல்லாம் வார்டன் அலமாரியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் தருவார்கள். அதில் ஒன்பது நிமிடம் அம்மா "என்ன சாப்புட்ட, என்ன சாப்புட்ட" என்றே கேட்டுத் தீர்த்துவிடுகிறது. மீதி ஒரு நிமிடம் அப்பா இருமுவார். போனைத் தூக்கிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்கு ஓடிவந்து உன்னிடம் கொடுப்பதற்குள் மணி அடித்துவிடும். ஆகவே கடிதம். பேசுகிற மாதிரியே எழுதலாம் என்று பார்த்தால் தமிழம்மா ஸ்கேலோடு பின்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது. கை தானாகவே எழுத்துத் தமிழுக்குப் போய்விடுகிறது.

மணி, இங்கே சாஃப்ட்பாலுக்கென்றே தனி கிரவுண்டு! நம் பள்ளிக்கூடத்தில் கபடிக்காரிகள் எப்போது எழுந்து போவார்கள் என்று காத்துக் கிடப்போமே, அந்தக் கதையே இல்லை. நான்கு பேஸ், அடிக்கிறவள் நிற்கிற ஹோமுக்குப் பின்னால் வலை, பன்னிரண்டு புதுப் பந்து. முதல் நாள் ஒரு பந்தை எடுத்து மோந்து பார்த்தேன். கடை வாசனை போகவில்லை!

ஆனால் ஒரு சங்கடம். எங்கள் கோச் ஜானகி மேடம் என்னைப் பத்துப் பந்து போடச் சொன்னார்கள். வழக்கம்போல் கையை முழு வட்டமாகச் சுற்றி, இடுப்போரம் பந்தை விட்டு, முழங்கையை மூக்குக்கு நேராகத் தூக்கி நிறுத்தினேன். மூன்று வருடமாக நம் பள்ளிக்கூடத்து வைத்திலிங்கம் சார் அப்படித்தானே சொல்லிக் கொடுத்தார். மேடம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏம்மா, பந்து கைய வுட்டுப் போனதுக்கப்புறம் நீ முழங்கையத் தூக்குனா என்ன, தூக்காட்டி என்ன? பந்துக்குத் தெரியவா போவுது? கைய அது போக்குல போவ வுடு" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பானுப்ரியா என்று என்னை மாதிரியே பந்து போடுகிற இன்னொரு பிட்சர் இருக்கிறாள், அவள் இரண்டு தடவை சிரித்தாள்.

நான் யார் பேச்சைக் கேட்பது? டிசம்பரில் இங்கே ஒரு தேர்வு இருக்கிறது. முப்பது பந்தில் இருபதாவது ஹோமுக்கு நேர் மேலே போய் ஸ்ட்ரைக் விழ வேண்டும். தேறாதவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். நம் ஆண்டிமடத்தில் "போன மச்சான் திரும்பி வந்தான்" என்று என்னைக் கேலி பேச எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் தெரியுமா? நீ உடனே சாரைப் பார்த்துக் கேட்டு எழுது. முழங்கை மேலேயா, கீழேயா?

உன் பதிலுக்குத் தபால்காரரைத் துரத்தப்போகும்,
சிந்து

*

ஆண்டிமடம்
2.7.2025

அன்புத் தங்கை சிந்துவுக்கு,

நான்கு மாதம் மூத்தவளை 'ஏய்' என்று கூப்பிடுகிறாய். அக்கா என்று ஒரு வார்த்தை எழுதினால் மை தீர்ந்துவிடுமா? இங்கு அனைவரும் நலம். பெரியப்பா இருமல் பரவாயில்லை. பெரியம்மா உன் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. நான் அதில் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டேன். இனிமேல் அது என் தட்டு.

என் உள்ளங்கை வீக்கம் வடிந்துவிட்டது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. கை சும்மா இருந்தால் அம்மா ஏதாவது வேலை சொல்லிவிடுகிறது.

சாரிடம் கேட்டேன். "மூணு வருசமா போட்டுப் பழகுன கைய ஏம்மா மாத்துற? மூக்குக்கு நேரா தூக்கு, மணிக்கட்டு தானா சுண்டும். இன்னைக்கு ஒருத்தரு சொல்வாங்க, நாளைக்கு ஒருத்தரு சொல்வாங்க, அதுக்கெல்லாம் ஆடக்கூடாது" என்றார். பந்தை விடுவதற்கு முன்னால் மூச்சை விடச் சொன்னார், அதையும் மறக்காதே.

எனக்கும் அதுதான் தோன்றுகிறது. நீ போடுகிற மாதிரிதான் நீ போட வேண்டும். அந்தப் பானுப்ரியா சிரித்தால் அவளுக்குப் பல் சுளுக்கட்டும்.

உன் முழங்கை எப்படி இருக்கிறது? ஏன் கேட்கிறேன் என்று உனக்கே தெரியும்.

இங்கே பயிற்சியெல்லாம் நடக்கிறது.

இப்படிக்கு, உன் தட்டின் புதுச் சொந்தக்காரி,
மணிமொழி அக்கா

*

பெரம்பலூர்
20.7.2025

மணி,

கால் சுகம், கழுத்து சுகம், பசி ரொம்ப ரொம்ப சுகம். என் தட்டைத் திருப்பி வை.

இங்கே ஒரு மெஷின் வந்திருக்கிறது! துப்பாக்கி மாதிரி பிடித்தால் பந்தின் வேகத்தைக் காட்டுகிறது. என் பந்து எழுபத்தெட்டு கிலோமீட்டர்! ஜெயங்கொண்டம் பஸ்கூட அந்த வேகத்தில் போகாது. பானுப்ரியாவுக்கு எழுபத்தைந்துதான். மூன்றே மூன்று கிலோமீட்டர், ஆனால் அன்று சாப்பாட்டுக்கு அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை.

சரி, அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ எழுதிய மாதிரி சார் வழியிலேயே போட்டேன். மேடம் பார்த்தால் மட்டும் முழங்கையை இறக்கிவிடுவேன், திரும்பிக்கொண்டால் தூக்கிவிடுவேன். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? நேற்று எங்களுக்குள்ளேயே ஒரு மேட்ச் வைத்தார்கள். வேகம் இருக்கிறது, பந்துதான் ஹோமுக்கு மேலே போகாமல் வெளியே வெளியே போகிறது. நான்கு பந்து வெளியே போனால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போவாள் இல்லையா, அப்படி வரிசையாக நான்கு பேரை நடக்க வைத்தேன். "கல்யாண ஊர்வலமாடி வுடுற?" என்று ஒருத்தி கத்தினாள்.

மேடம் திட்டவில்லை. "கையில கொழப்பம் இல்லம்மா, ஒனக்கு மனசுல கொழப்பம். ஆனா பந்து ஏன் எப்பவும் ஒரே பக்கமா வெளிய போவுதுன்னு எனக்கே புரியல" என்றார்கள். கோச்சுக்கே புரியவில்லை என்றால் என்ன செய்வது?

பந்து எப்போதும் இடது பக்கமாகத்தான் போகிறது. பேட்டருக்கு எட்டாத பக்கம். சாரிடம் அப்படியே சொல். சீக்கிரம்!

பதற்றத்தோடும் எழுபத்தெட்டோடும்,
சிந்து

*

ஆண்டிமடம்
1.8.2025

ஊர்வலத் தலைவி சிந்துவுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுத் தெருவில் நின்று "எழுபத்தெட்டு" என்று கத்தினேன். செல்லக்கண்ணு மாமா பயந்துபோய் "எழுபத்தெட்டு வயசுல யாரும்மா, தாத்தா போயிட்டாரா?" என்று கேட்டார். உன் புகழ் இந்த லட்சணத்தில் பரவுகிறது.

இனி கவனமாகப் படி. சார் சொன்னது இதுதான். பந்து வெளியே போவதற்குக் கை காரணம் இல்லை. கால்தான். நீ இடது காலை முன்னால் வைக்கும்போது நேராக வைப்பதில்லை. ஒரு சாண் இடது பக்கம் தள்ளி வைக்கிறாய். உடம்பு அந்தப் பக்கம் திரும்புகிறது, பந்தும் கூடவே போகிறது. நாம் பந்து போட்டுப் பழகுகிற நம் தோப்பில், நீ நிற்கிற இடத்துக்கு முன்னால் அந்தப் பெரிய முந்திரிமரத்து வேர் குறுக்கே கிடக்கும் இல்லையா? அதில் தடுக்கி ஏழாம் வகுப்பில் முட்டியைப் பெயர்த்துக்கொண்டாய். அன்றிலிருந்து வேருக்குத் தப்பித் தப்பிக் கால் வைத்தே பழகிவிட்டாய். பெரம்பலூரில் வேர் கிடையாது. ஆனால் உன் காலுக்கு அது தெரியாது.

நீ நிற்கிற இடத்திலிருந்து ஹோமுக்கு நேராகச் சுண்ணாம்பில் ஒரு கோடு போடு. இடது கால் கோட்டின்மேல் விழ வேண்டும். கையைப் பற்றி ஒரு வாரம் நினைக்கவே நினைக்காதே.

கால் சுகம், கழுத்து சுகம் என்று எழுதியிருக்கிறாய். நான் முழங்கையைக் கேட்டேன்.

கோடு போட்டுவிட்டு எழுது,
அக்கா

*

பெரம்பலூர்
17.8.2025

மணி மணி மணி!

இருபதுக்குப் பதினேழு! பதினேழு ஸ்ட்ரைக்! உன் கடிதம் வந்த அன்றே சமையல்கார ஆண்டாயி அக்காவிடம் கோலமாவு கெஞ்சி வாங்கிக் கோடு போட்டேன். முதல் பந்துக்குக் காலை வைத்துக் குனிந்து பார்த்தால், அடியம்மா, கோட்டுக்கும் காலுக்கும் சரியாக ஒரு சாண்! மூன்று நாள் கால் கேட்கவே இல்லை, வேர் இருக்கிற மாதிரியே விலகி ஓடியது. நான்காம் நாள் கோட்டில் விழுந்தது. பந்து கேட்சர் கிளவுஸில் போய் விழுந்த சத்தம் இருக்கிறதே, பொட்டென்று, அப்படியே உன் கிளவுஸ் சத்தம். ஒரு நிமிடம் ஊருக்கு வந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

மேடம் கோட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "யாரு சொன்னா?" "எங்க பழைய சார் மேடம், கடுதாசில சொன்னாரு." "கடுதாசிலேயேவா! அந்த மனுசன் நம்பரக் குடு. நான் ரெண்டு மாசமா ஒன் பின்னாடி நின்னு பாக்குறேன், எனக்குப் புடிபடல" என்றார்கள். அடுத்த கடிதத்தில் சாருடைய நம்பரை எழுது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். சார் நம் தோப்புக்கு ஒருநாளும் வந்ததில்லையே. வேர் அவருக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னாயா?

எனக்குக் கண், காது, மூக்கு எல்லாம் சுகம். சித்தி, சித்தப்பா சுகமா?

பதினேழு முத்தங்களுடன்,
சிந்து

*

(அஞ்சலட்டை)

ஆண்டிமடம்
5.9.2025

சிந்து, நலம். காலாண்டுப் பரீட்சை நெருங்குகிறது, அதிகம் எழுத நேரமில்லை. சார் நம்பரை மாற்றிவிட்டார் போலிருக்கிறது. முழங்கை எப்படி இருக்கிறது? மணிமொழி.

*

பெரம்பலூர்
22.9.2025

மணிமொழிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

சனிக்கிழமை மேடம் அரியலூரில் ஒரு போட்டிக்கு நடுவராகப் போயிருந்தார்கள். அங்கே வைத்திலிங்கம் சாரைப் பார்த்தார்களாம். ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, "சார், சிந்துவுக்கு நீங்க எழுதுன கோடு பிரமாதம்" என்றார்களாம். சார் முழித்தாராம். "எந்தக் கோடும்மா? எனக்கு ஒரு கடுதாசியும் வரல, நான் ஒண்ணும் எழுதவும் இல்ல. ஜூன் மாசக் கடைசியிலேயே என்னைச் செந்துறைப் பக்கம் மாத்திட்டாங்களே. சிந்து நல்லா போடுறாளா?" என்றாராம். முழங்கையைப் பற்றி மேடம் கேட்டதற்கு, "நான் கத்துக்கிட்டத நான் சொன்னேன். இப்ப ஒங்க கையில இருக்கா. ஒங்க பேச்சக் கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டாராம்.

மேடம் இதையெல்லாம் கிரவுண்டில் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்கள். "அப்ப ஒனக்கு எழுதுனது யாரும்மா?" பொய் சொன்னவள் மாதிரி நின்றேன். பானுப்ரியா இந்தத் தடவை சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

ஜூன் கடைசியிலேயே சார் போய்விட்டார் என்றால், ஜூலை இரண்டாம் தேதி எனக்குப் பதில் சொன்னது யார்? மூச்சை விடச் சொன்னது யார்? வேரைப் பார்த்தது யார்?

எழுது. சுற்றி வளைக்காமல் எழுது.

சிந்து

*

ஆண்டிமடம்
28.9.2025

சிந்து,

நான்தான்.

உன் முதல் கடிதம் வந்ததும் சாரைப் பார்க்கத்தான் போனேன். அவர் அறை பூட்டியிருந்தது. மாற்றலாகிப் போய்விட்டார் என்று வாட்ச்மேன் சொன்னார். நம் கிளவுஸ், மட்டை, என் கேட்சர் முகமூடி எல்லாம் உள்ளே கிடக்கிறது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. பயிற்சி நடக்கிறது என்று எழுதினேனே, அதுவும் பொய். இங்கே சாஃப்ட்பாலே கிடையாது. சார் இல்லை என்று எழுதினால் நீ அங்கே உடைந்து போய்விடுவாய் என்று பயந்தேன். சார் இருந்தால் என்ன சொல்வாரோ அதை எழுதினேன். மூச்சு விஷயம் அவர் எப்போதும் சொல்வதுதான்.

இரண்டாவது கடிதம் அப்படியில்லை. அது முழுக்க நான். பந்து ஒரே பக்கம் போகிறது என்று நீ எழுதியதும் தோப்புக்குப் போய் நான் உட்காருகிற இடத்தில் குத்த வைத்து உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் நீ போடுவது அப்படியே தெரிந்தது. சார் உன் பக்கவாட்டில் நின்றார். மேடம் உன் பின்னால் நிற்கிறார்கள். மூன்று வருடம் உனக்கு நேர் எதிரே, நாற்பதடி தூரத்தில், உட்கார்ந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். கண்ணைத் திறந்தேன். எதிரே வேர் கிடந்தது.

அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். முதல் கடிதத்தைத்தான் சொல்ல வாய் வரவில்லை. முழங்கையை மாற்றாதே என்று எழுதினேனே, அது சார் பெயரில் எழுதிய என் ஆசை. நீ மாற்றிவிட்டால் வேறு பிட்சர் ஆகிவிடுவாய், ஊருக்கு வந்தால் உன் பந்து எனக்குத் தெரியாத பந்தாக இருக்கும் என்று நினைத்தேன். உன்னைப் பார்த்து எனக்குப் பொறாமை, சிந்து. ரொம்பப் பொறாமை. உன்னை விட்டுவிட்டு இருக்கவும் முடியவில்லை. அந்த நேரத்தில் உன் வலியைக்கூட நினைக்கவில்லை.

ஆமாம், வலி. முழங்கையைத் தூக்கிப் போடுகிறபோது முப்பது பந்துக்கு மேல் போனால் நீ கீழுதட்டைக் கடிப்பாய். முகமூடிக்குள்ளிருந்து பார்த்திருக்கிறேன். சாரிடம் நீ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன், நீ மூக்கு, காது என்று எழுதிக்கொண்டிருந்தாய். வலிக்கவில்லை என்றால் அந்த ஒரு வார்த்தையை எழுதியிருப்பாய்.

மேடம் சொல்வதுதான் சரி. முழங்கையை இறக்கு. வலியை மேடத்திடம் சொல். இதை நான் என் பெயரில் எழுதுகிறேன்.

தப்பு என்னுடையது. நீ திட்டி எழுதினாலும் சரி, எழுது.

மணிமொழி

*

பெரம்பலூர்
12.10.2025

மணிமொழிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கை வலிக்கிறது. ஏப்ரலிலிருந்தே வலிக்கிறது. மேடத்திடம் சொல்லிவிட்டேன். டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். மூன்று வாரம் பந்தைத் தொடக் கூடாது. தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது.

உன்மேல் கோபம்.

சிந்து

*

ஆண்டிமடம்
9.11.2025

அன்புள்ள சிந்துவுக்கு,

இங்கு எல்லோரும் நலம், என்னைத் தவிர. நான் திட்டு வாங்கி வாங்கிக் காது அடைத்துப் போயிருக்கிறேன். தீபாவளிக்கு நீ வரவில்லை, கோபத்தில்தான் வரவில்லை என்று நினைத்துவிட்டேன். மறுநாளே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குப் போய் அந்த வேரை வெட்டினேன். பாதிகூட வெட்டியிருக்க மாட்டேன், பெரியப்பா வந்துவிட்டார். "காய்க்கிற மரத்து வேருல கைய வைப்பாளா ஒருத்தி! ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று கத்தினார். ஏன் வெட்டினாய் என்று கேட்டதற்கு, "சிந்துவுக்கு இடைஞ்சலா இருக்கு பெரியப்பா" என்றேன். அவள் பெரம்பலூரில் அல்லவா இருக்கிறாள் என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மரம் நன்றாக இருக்கிறது. மண்ணைப் போட்டு மூடிவிட்டேன்.

பந்தைப் பற்றி இனி ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன். முழங்கையை மட்டும் கேட்கிறேன். எப்படி இருக்கிறது?

மணிமொழி

*

பெரம்பலூர்
14.12.2025

அடியே மணி!

முழங்கை சுகம்! எழுதிவிட்டேன் பார், முதல் வரியிலேயே. சுகம், சுகம், நூறு சுகம்! இறக்கிப் போட ஆரம்பித்ததிலிருந்து அறுபது பந்து போட்டாலும் உதட்டைக் கடிப்பதில்லை. தீபாவளிக்கு வராதது கோபத்தினால் இல்லை, கை கட்டோடு வந்தால் அம்மா விடுதியையே விட்டு நிறுத்திவிடும் என்ற பயம்தான். கோபமும் கொஞ்சம் இருந்தது. நீ வேரை வெட்டிய கதையை வாசித்து மெத்தையில் புரண்டு புரண்டு சிரித்தேன், அத்தோடு அது போய்விட்டது.

இப்போது கேள். நேற்று தேர்வு. மூன்று அதிகாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பானுப்ரியா போட்டாள், இருபத்து மூன்று ஸ்ட்ரைக். அடுத்து நான். முதல் ஐந்து பந்தில் ஒன்றுதான் ஸ்ட்ரைக். நான்கு வெளியே! அதே இடது பக்கம்! மணி, எனக்குக் கண் இருட்டிவிட்டது. பெட்டி, பஸ், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கூட்டம் எல்லாம் தெரிந்தது. மேடம் வலைக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசக் கூடாது, அது விதி. யாரும் எனக்கு எதுவும் சொல்ல முடியாது.

அப்போது குனிந்து காலைப் பார்த்தேன். நீ அங்கே எதிரே குத்த வைத்து உட்கார்ந்து என்னைப் பார்த்தால் என்ன தெரியும் என்று நினைத்தேன். என்ன தெரிந்தது சொல்? குழி! முந்தின நாள் மழையில் தரை நெகிழ்ந்து கிடந்தது. முப்பது தடவை பானுப்ரியா காலை வைத்து வைத்துச் சரியாக நான் மிதிக்க வேண்டிய இடத்தில் குழி பறித்திருந்தாள். என் கால் அதற்குத் தப்பி ஒரு சாண் தள்ளிப் போய் விழுந்துகொண்டிருந்தது. வேர்! அடிப்பாவி, வேர் என்னைப் பெரம்பலூர் வரைக்கும் தேடி வந்துவிட்டது!

"சார், ஒரு நிமிசம், தரைய சரி பண்ணிக்கலாங்களா?" என்று ஒரு அதிகாரியிடம் கேட்டேன். "பண்ணிக்கம்மா" என்றார். குதிகாலால் மண்ணைத் தள்ளி, மிதித்து, உள்ளங்கையால் தடவிச் சமமாக்கினேன். பிறகு வைத்திலிங்கம் சார் சொன்ன மாதிரி மூச்சை விட்டேன். நீ சொன்ன கோட்டில் காலை வைத்தேன். மேடம் சொன்ன மாதிரி கையை அதன் போக்கில் விட்டேன். பொட்!

மீதி இருபத்தைந்தில் இருபத்தொன்று ஸ்ட்ரைக். மொத்தம் இருபத்திரண்டு. நான் இங்கேயே இருக்கப்போகிறேன் மணி! பானுப்ரியா ஓடிவந்து கட்டிப்பிடித்து, "அந்தக் குழிய நான் வேணும்னு பண்ணலடி" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது. தேர்வுக்கு முன்னால் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். அதில் 'இதுவரை பயிற்சி அளித்தவர்' என்று ஒரு கட்டம். நான் மூன்று பெயர் எழுதினேன். முடிந்த பிறகு பெரிய அதிகாரி அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "வைத்திலிங்கம், தெரியும். ஜானகி, இங்க நிக்கிறாங்க. இந்த மணிமொழி யாரும்மா? எந்த ஸ்கூல்ல வேலை பாக்குறாங்க?"

"எங்க அக்கா, சார்" என்றேன்.

மேடம் ஒரு ஃபாரம் தந்திருக்கிறார்கள், இதோடு வைத்திருக்கிறேன். எங்கள் கேட்சர் பன்னிரண்டாம் வகுப்பு, மார்ச்சோடு போகிறாள். அந்த இடத்துக்கு ஜனவரி பத்தாம் தேதி தேர்வு. "முன்னாடியிருந்து பாக்கத் தெரிஞ்ச பொண்ணு எனக்கு வேணும், வரச் சொல்லு" என்றார்கள். கிளவுஸ் இல்லை என்று சாக்குச் சொல்லாதே, இங்கே இருக்கிறது.

உன் உள்ளங்கையை வீங்க வைக்கக் காத்திருக்கும்,
சிந்து

*

ஆண்டிமடம்
20.12.2025

என் தங்கை சிந்துவுக்கு,

உன் கடிதத்தை முதலில் தனியாக வாசித்தேன். அப்புறம் வீட்டில் உரக்க வாசித்தேன். அப்புறம் பெரியப்பா வீட்டில் வாசித்தேன். 'எங்க அக்கா, சார்' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, எல்லோர் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடியும் வாசித்தேன். பெரியம்மா, "அவதான் ஒன்ன ஒருநாளும் அக்கான்னு கூப்புட மாட்டாளேடி" என்று கேட்டது. மூன்று அதிகாரிகளுக்கு முன்னால் சொல்லியிருக்கிறாள், எழுத்தில் இருக்கிறது, இனி மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அப்பா வரச் சம்மதித்துவிட்டார். பத்தாம் தேதி காலை முதல் பஸ்ஸில் வருகிறோம். பெரியப்பா இரண்டு நாளாக என்னைத் தோப்பில் உட்கார வைத்துக் கல் எறிகிறார், நான் பிடிக்க வேண்டுமாம். அவருக்குக் குறி என்பதே கிடையாது. நல்ல பயிற்சிதான்.

ஃபாரம் முழுவதும் நிரப்பிவிட்டேன். 'இதுவரை பயிற்சி அளித்தவர்' என்ற கட்டத்தில்தான் பேனா நின்றுவிட்டது. சார் பெயரை முதலில் எழுதினேன். பிறகு யோசித்தேன். மூன்று வருடம் நாளுக்கு நூறு பந்து என் கைக்குள் எறிந்து, எந்தப் பந்து எப்படி வரும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் யார்?

உன் பெயரை எழுதிவிட்டேன். அந்தப் பெரிய அதிகாரி யாரென்று கேட்டால், பதில் தயாராக இருக்கிறது. என் தங்கச்சி சார், நாலு மாசம் சின்னவ.

முழங்கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், அதில் பாதி என்னுடையது.

உன் அக்கா,
மணிமொழி